மூன்று முறை தட்டினேன்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. இதை நானே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அன்று காலை படகுத்துறையில் என் வீட்டுக்காரரிடம் நான் போட்ட கூச்சலில், பக்கத்துப் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"உங்களுக்கு என்னதான் பிரச்சினை? வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்!"

"நல்லா ஓடுற இன்ஜினைத் தூக்கிப் போடச் சொன்னா எப்படி?" என்றார் அவர், மறுபடியும் அதையே.

நன்றாக ஓடுகிறதாம்! போன வாரம்தான் படகு நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு நடுத்தண்ணீரில் சூடேறி நின்றது. ஒரு கர்ப்பிணிப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இழுத்துக்கொண்டு வர வேறு படகு வரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

அக்கரைக்கு ஆட்களை ஏற்றிப் போய் இறக்குவதுதான் எங்கள் தொழில். பழைய மரப்படகு. படகைத் திருப்புகிற சக்கரம் மேலே, என்னிடம். இன்ஜின் கீழே, அவரிடம். இப்போது வருகிற படகுகளில் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கைப்பிடி இருக்கிறது. ஓட்டுகிறவரே முன்னே தள்ளலாம், பின்னே இழுக்கலாம். எங்களுடையதில் கியர் இன்ஜினோடு ஒட்டிக் கீழே கிடக்கிறது. அதனால் நான் என் காலடிப் பலகையில் ஒரு கட்டையால் தட்டுவேன். ஒரு தட்டு தட்டினால் முன்னே. இரண்டு தட்டினால் நிறுத்து. மூன்று தட்டினால் பின்னே. அந்தப் பலகைக்கு நேர் கீழேதான் இன்ஜின். அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு உள்ளங்கையை மேலே தூக்கிப் பலகையில் வைத்துக்கொண்டிருப்பார். "என்னங்க, கூரை இடிஞ்சு விழுந்துடும்னு தாங்கிப் பிடிக்கிறீங்களா?" என்று நான் கிண்டல் செய்வதுண்டு. சிரித்துக்கொள்வார்.

சக்கரத்தை நான் யாரிடமும் கொடுத்ததில்லை. அவர் ஒருநாள் ஆசைக்குக் கை வைத்தபோது, "தொட்டா கடிச்சிடுவேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீட்டில் என் பேச்சு எடுபடுமோ படாதோ, அந்தச் சக்கரத்தின் பின்னால் நிற்கும்போது நான் ராணி.

நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே மெக்கானிக் வந்துவிட்டான். அவன் என் கொழுந்தன், அவருடைய சொந்தத் தம்பி. பட்டறையில் ஒரு புது இன்ஜின் பெட்டி பிரிக்காமல் வந்து நின்றிருந்தது. சாயங்காலத்துக்குள் நாங்கள் சரி சொல்லாவிட்டால் வேறொரு படகுக்குப் போய்விடும்.

"அண்ணி, நான் ரெண்டு பக்கமும் பேசறேன்" என்றான். "பிரிச்சு பேரிங்கை மாத்தினா இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். ஆனா அடுத்து எது போகும்னு என்னால கேரண்டி கொடுக்க முடியாது. புதுசு போட்டா தலைவலி விட்டுச்சு. கைப்பிடியும் மேலே வந்துடும், அண்ணன் அந்தச் சூட்டுல வேக வேண்டாம்."

"நான் வேகறேன், உனக்கென்ன?" என்றார் அண்ணன்காரர்.

"அண்ணே, அந்த டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் வருதே, உங்களுக்குக் கேக்கலையா?"

"அது பழைய சத்தம்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சத்தம் கரையில் நிற்கிற நாய்க்குக்கூடக் கேட்கும். மனுஷர் வாய் கூசாமல் பொய் சொல்கிறாரே என்று நினைத்தேன்.

கடைசியில் கொழுந்தன்தான் வழி சொன்னான். ஒரு சுற்று போய் வருவோம், ஓட விட்டுப் பார்த்தால் இன்ஜினின் யோக்கியதை தெரிந்துவிடும் என்றான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்காக என் காலடிப் பலகையைக் கழற்றிச் சக்கர அறையின் சுவரோரம் சாய்த்தும் வைத்தான். இப்போது எனக்குக் கீழே பெரிய ஓட்டை. அதற்குள் இன்ஜினும் அவரும் தெரிந்தார்கள். நான் ஓட்டையின் விளிம்பில் காலை அகட்டி நின்றுகொண்டேன். பலகை இல்லாததால் பக்கத்துத் தூணில் தட்டினேன். அவர் அண்ணாந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, இன்னைக்குப் புதுசா என் மூஞ்சியைப் பார்க்கிறீங்க?"

அவர் கியரைப் போட்டார். படகு கிளம்பியது.

போகும்போது ஒரு குறையும் இல்லை. கொழுந்தன் கீழே குனிந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, புகையின் நிறத்தைப் பார்க்கப் பின்பக்கம் போனான். போகும்போது, "அண்ணே, அந்தத் தண்ணி பைப்பையே பார்த்துக்கிட்டிருங்க, கண்ணை எடுக்காதீங்க" என்று கையைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனான். அவரும் குழாயின் மேல் குனிந்துகொண்டார்.

திரும்பி வந்தோம். துறையை நெருங்கும்போதுதான் பார்த்தேன். அந்தப் பெயின்டர்கள் இருவரும் தாங்கள் நின்று பெயின்ட் அடிக்கிற மிதவையை இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து, நாங்கள் அணைகிற வழியிலேயே நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். இடது பக்கம் அவர்கள், வலது பக்கம் கருங்கல் சுவர்.

பரவாயில்லை, முன்னதாகவே நிறுத்திவிடலாம் என்று தூணில் இரண்டு தட்டு தட்டினேன். இன்ஜின் சத்தம் மாறவில்லை. இன்னும் பலமாக இரண்டு தட்டினேன். படகு அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது. மூன்று தட்டினேன். தூணின் பெயின்ட் உதிர்ந்தது. மறுபடி மூன்று.

"அண்ணி! வேகம்!" பின்னாலிருந்து கொழுந்தன் அலறினான்.

"தட்டிட்டேன் தம்பி! தட்டிக்கிட்டேதான் இருக்கேன்!"

பெயின்டர்களில் ஒருவன் திரும்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் படகின் ஏணியில் தாவினான். மற்றவன் வயசாளி. மிதவையில் எழுந்திருக்கக்கூட முடியாமல் கையை மட்டும் நீட்டினான், எங்கள் படகைக் கையால் தடுத்துவிடலாம் என்பதுபோல. சக்கரத்தை வலது பக்கம் ஒடித்தால் சுவர். ஒடிக்காவிட்டால் அந்த மனுஷன்.

கீழே பார்த்தேன். குனிந்த முதுகும் பிடரியும் தெரிந்தன. "ஏங்க!" என்று கத்தினேன். என் தொண்டை கிழிந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்த மனுஷர் அசையவில்லை.

கட்டையை ஓங்கி எறிந்தேன். தோளில் விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை வாயால் அடித்திருக்கிறேன், கையால் அடித்தது அதுதான் முதல் தடவை.

அவர் விருட்டென்று அண்ணாந்தார். நான் மூன்று விரலைக் காட்டினேன். அவர் கை கியருக்குப் போனது. படகு முழுக்க நடுங்கியது. தண்ணீர் பின்னாலிருந்து கொந்தளித்து முன்னே வந்தது. எங்கள் முனை மிதவையில் இருந்த பெயின்ட் டப்பாவைத் தட்டிக் கவிழ்த்துவிட்டு நின்றது. வயசாளியின் நீட்டிய கைக்கும் படகுக்கும் இடையில் ஒரு பிரஷ் போகிற இடைவெளி. தண்ணீரில் சிவப்புப் பெயின்ட் பரவியது. அது பெயின்ட்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

கயிறு கட்டி முடிப்பதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. கொழுந்தன் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"நான் சொன்னேனா இல்லையா? ரிவர்ஸ் கவ்வல! கியரும் போச்சு. இனிமே இந்த இன்ஜினை நம்பவே கூடாது."

"பாவம், கியர் விழலைன்னா அவங்க என்ன பண்ணுவாங்க" என்று அந்த வயசாளிப் பெயின்டரே சொன்னான்.

எல்லோரும் தலையாட்டினார்கள். எவ்வளவு சுலபம்! பழியை இரும்பின் மேல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். நானும் தலையாட்டத்தான் போனேன். கீழே அசையாமல் இருந்த அந்தப் பிடரியை நான் பார்த்திருந்தேன். பார்த்ததைப் பார்க்காததாக ஆக்கிக்கொள்ள அந்த நிமிஷம் எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

அவர் தோளைத் தேய்த்துக்கொண்டே மேலே ஏறி வந்தார். தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கியர் விழுந்துச்சு" என்றார், தேவைக்கு அதிகமான சத்தத்தில். "போட்ட உடனே கவ்விச்சு. அது மேல பழி போடாதேடா. எனக்குத்தான் கேக்கல."

"இன்ஜின் இரைச்சல்ல கேட்டிருக்காது அண்ணே."

"இன்ஜின் இரைச்சலே சரியாக் கேக்கலடா. ரொம்ப நாளாச்சு."

"அப்புறம் இத்தனை நாள் அண்ணி தட்டினது எப்படி..."

அவர் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். கூரையைத் தாங்குகிற மாதிரி. நாங்கள் மூவரும் சுவரோரம் சாய்ந்திருந்த பலகையைப் பார்த்தோம்.

கேட்டுத்தான் எல்லாம் செய்கிறார் என்று நான் இருந்தேன். வீட்டில் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். எந்தப் புருஷன்தான் திரும்புகிறான் என்று விட்டுவிட்டேன். ஒன்று கேட்டால் இன்னொன்று சொல்வார், அதற்கும் திட்டினேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"நீ கத்துவே."

"கத்தினா உங்களுக்குத்தான் கேக்காதே!"

ஏணியில் நின்ற பெயின்டர் சிரித்துவிட்டான். அவரும் என் உதட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"புது இன்ஜின் வந்தா கீழே ஆள் வேண்டாம்" என்றார் மெதுவாக. அவருக்கு மெதுவாகப் பேசுவதும் நினைவிருந்தது. "படகுல எனக்கு இருக்கறது அந்த ஒரு இடம்தான். அதையும் எடுத்துட்டா, வீட்டுல உக்காந்து சுவத்தைப் பார்த்துக்கிட்டிருக்கணுமா?"

கொழுந்தன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணி, அப்படின்னா இன்ஜின் மேல பெரிசா தப்பில்ல. பேரிங்கை மட்டும் மாத்திடறேன். பலகையைப் பழையபடி போட்டுட்டா அண்ணன் கை வச்சுத் தெரிஞ்சுக்குவார். இத்தனை நாள் ஓடலையா? நீங்க சொல்லுங்க. பட்டறைக்குப் போன் பண்ணிடறேன்."

அவர் என் வாயைப் பார்த்தார். எந்த முடிவுக்கும் என் முகத்தை அவர் அப்படிப் பார்த்ததில்லை. சரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் எல்லாம் பழையபடி இருந்திருக்கும், அவர் கீழே, நான் மேலே. ஆனால் ஒருநாள் அந்தக் கையில் ஸ்பேனர் இருக்கும். அந்த நேரத்தில் நான் தட்டுவேன். படகில் அந்தக் கர்ப்பிணி பிள்ளையோடு உட்கார்ந்திருப்பாள்.

"புதுசு" என்றேன்.

அவர் முகம் செத்துப்போனது. திரும்பிப் படியில் இறங்கப் போனார். பின்னாலிருந்து கூப்பிட்டுப் பயனில்லை என்று இப்போது தெரியுமே. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து, சக்கரத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் முகத்துக்கு நேராக நின்றேன்.

"கைப்பிடி இங்கதானே வருது? இங்கேயே நில்லுங்க. கண்ணு நல்லாத்தானே தெரியுது? நான் முன்னால நின்னு கையைக் காட்டறேன். ஹாரன், கூப்பாடு எல்லாம் என் பாடு. முதல்ல காது டாக்டர்கிட்ட போறோம், அதுல பேச்சே கிடையாது. பிடிங்க."

அவர் சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தொட்டா கடிச்சிடுவேன்னு சொன்னியே?"

"கடிப்பேன்தான். பிடிங்க!"

பிடித்தார். கொழுந்தன் எதையும் கேட்காமல் கீழே இறங்கி இன்ஜினை ஓட விட்டான். அதன் அதிர்வு மரத்தில் ஏறிச் சக்கரத்துக்கு வந்தபோது அவர் விரல்கள் அதைக் கண்டுபிடித்து இறுகின. எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்க மாட்டேன். அந்தச் சக்கரம் என்னுடையது.

முன்னால் போய், சக்கர அறையின் முன்கண்ணாடி வழியாக அவர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நின்று, மூன்று விரலைக் காட்டினேன். அவர் தலையாட்டினார். "கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லு, கம்பி மறைக்குது" என்று உள்ளேயிருந்து கத்தினார். தள்ளி நின்றேன்.