சணல் ஆகாது

"நைலானா இருந்தா நல்லது அண்ணி. இல்லேன்னா எதுவா இருந்தாலும் சரி. ஒரு இருபது அடி போதும்."

"கயிறா?"

"கயிறுதான். தார்ப்பாய் ஒரு பக்கம் தொங்குது. மேகத்தைப் பாருங்க, இப்பவோ அப்பவோன்னு நிக்குது. அண்ணனைக் கொண்டு வர்ற நேரத்துல கொட்டுச்சுன்னா வந்தவங்க எங்க நிப்பாங்க?"

கொழுந்தன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றான். யாரோ கொடுத்த தேநீர் ஆடை கட்டிப்போய் அவள் கையில் இருந்தது. நேற்றுக் காலை எட்டரை மணிக்கு, ஒரு காலில் சாக்ஸ் போட்டு, இன்னொன்றைக் கையில் பிடித்தபடி, நாற்காலியிலேயே செத்துப்போனான் அவள் புருஷன். மாரடைப்பு. உயரமான கட்டடங்களின் வெளியே தொங்கிக் கண்ணாடி துடைப்பவன். கூட வேலை செய்கிறவர்களுக்கு அவன் 'பல்லி'. இருபத்திரண்டு மாடியில் விழாதவன் ஒன்றரை அடி நாற்காலியில் போய்ச் சேர்ந்தான் என்று நேற்றிலிருந்து எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள், ஒவ்வொருவரும் தானே முதலில் கண்டுபிடித்ததைப் போல.

"கயிறு இல்லையே" என்றாள்.

"கயித்துல தொங்கிச் சம்பாதிச்சவர் வீட்ல கயிறு இல்லேன்னா யார் நம்புவா? கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டி இருக்குமே, அதுல பாக்கட்டுமா?"

"அதுல ஒண்ணும் இல்ல!"

குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் தலையைத் தூக்கினாள்.

"பழைய துணிதான் கிடக்கு. நான் தேடித் தரேன். நீ போய் நாற்காலியைப் போடு."

படுக்கையறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் ஒரு தலையணை உறை. உறைக்குள் மூன்று சுருள் வெள்ளைப் பருத்திக் கயிறு, முனை மழுங்கிய ஒரு கத்தரி. உறையின் மேல் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

கல்யாணமான மூன்றாம் வருஷம் ஒரு ராத்திரி, கையைக் கட்டிப் பார்க்கட்டுமா என்று அவன் கேட்டான். பாதி சிரிப்பு, பாதி வெட்கம். யோசிக்க அவளுக்கு ஒரு வாரம் ஆனது. பிறகு, "சரி. ஆனா கயிறு நான்தான் பாப்பேன்" என்றாள். துணிக்கடையில் பதினாறு வருஷம் கத்தரி பிடித்தவள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே என்ன நூல் என்று சொல்லிவிடுவாள். அவனும் ஒரு விதி போட்டான். வேலைக் கயிறு வீட்டுக்குள் வரக் கூடாது. அது உயிரைத் தாங்குகிற கயிறு, விளையாட்டில் ஒரு இழை நைந்தாலும் போச்சு.

இரண்டு பேருமாகத்தான் கடைக்குப் போனார்கள். "எதைக் கட்டணும்?" என்று கடைக்காரர் கேட்டார். "ஒரு மேஜையை" என்றான் அவன், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அதற்கப்புறம் ஒரு மாதம் அவளுக்கு மேஜை என்றுதான் பெயர்.

நைலான் வழுக்கியது, முடிச்சு நிற்கவில்லை, இழுத்தால் தோலைச் சுட்டது. தேங்காய் நார்க் கயிறு, "நான் என்ன மாடா?" என்ற ஒரே கேள்வியில் திரும்பிப் போனது. அவன் மனம் சணலில்தான் ஒட்டியது. பிடி இருக்கிறது, ஒரு சுற்றிலேயே உட்கார்ந்துவிடுகிறது, காய்ந்த புல் மாதிரி வாசம் வேறு என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஆனால் முதல் தடவையே அவள் மணிக்கட்டு இரண்டும் சிவந்து தடித்துவிட்டன. மூன்று நாள் முழுக்கைச் சட்டையோடு கடைக்குப் போய், எண்ணெய் தெறித்துவிட்டது என்று பொய் சொன்னாள். அந்த மூன்று ராத்திரியும் ஈரத்துணி வைத்துவிட்டான். "சணல் வேணாம். உனக்கு ஆகாதது எனக்கும் ஆகாது" என்றான்.

கடைசியில் பருத்தி. சுண்டுவிரல் தடிமன், பின்னியது. வெந்நீரில் கொதிக்கவைத்து நிழலில் காயப்போட்டார்கள். பிரியாமல் இருக்க நுனிகளில் அவள் சிவப்பு நூலை நெருக்கிச் சுற்றினாள். பருத்தி முடிச்சு சில நேரம் இறுகிவிடும் என்பதால் கத்தரி எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கும். கட்டுகிறவன் அதை மறந்தால் மனுஷனே இல்லை என்பான். இந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று அவர்களுக்கு இருந்தது என்றால், அது இந்தத் தலையணை உறைதான். இதைக் கொண்டுபோய் ஊர் பார்க்கத் தார்ப்பாயில் கட்டுவதா?

உறையைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, நேற்று மாலை கம்பெனி ஆட்கள் கொண்டுவந்து வைத்த அவனுடைய வேலைப் பையைத் திறந்தாள். இடுப்புப் பட்டை, கையுறை, தண்ணீர் வழிக்கும் ரப்பர். அடியில் அவள் தைத்துக் கொடுத்த சுருக்குப் பை. ரப்பர் வைக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியது. அதை அவிழ்த்துக் கவிழ்த்தாள்.

சணல் கயிறு. கூடவே, முனை மழுங்கிய ஒரு கத்தரி.

கையில் எடுத்ததுமே விரல்கள் படித்துவிட்டன. புதிதில்லை. பிசிறுகளைத் தீயில் வாட்டி எடுத்திருந்தான், எண்ணெய் தடவியிருந்தான். அதனால் மட்டும் சணல் இப்படிக் குழையாது. ஒரு வருஷமாவது மனுஷ உடம்பில் புழங்கியிருக்க வேண்டும். நுனிகளில் சிவப்பு நூல், அவள் சுற்றுகிற அதே மாதிரி, கொஞ்சம் கோணலாக. போன வருஷம் அவள் தையல் பெட்டியிலிருந்து அவன் கேட்டு வாங்கிய நூல்கண்டு. வேலைச் சாமானில் அடையாளத்துக்குச் சுற்ற வேண்டும் என்றான். நல்லதா எடுத்துக்கோ என்று அவளே தேடிக் கொடுத்தாள்.

அந்தக் கத்தரியைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. அங்கேயும் மறக்காமல் வைத்திருக்கிறான்.

வெளியே போய் நாத்தனார் மடியில் விழுந்து, என்னை ஏமாத்திட்டான் என்று அழலாம். உனக்கு எப்படித் தெரியும் என்பாள். கயிற்றைக் காட்டினால், கயிறுதானே என்பாள்.

கதவு தட்டப்பட்டது. "அண்ணி, கிடைச்சுதா?"

கத்தரியைக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டுக் கதவைத் திறந்தாள். "இந்தா."

"சணலா? பரவால்ல." கொழுந்தன் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான். "அட, என்ன மெத்துன்னு இருக்கு! எண்ணெய்லாம் போட்டு வச்சிருக்காரு. அண்ணன்கிட்ட ஒரு சாமான் போனா அதுக்கு ராஜ வாழ்க்கைதான்."

"இழுத்துக் கட்டு" என்றாள். "நல்லா இறுக்கி."

பதினோரு மணிக்கு அவனைக் கொண்டுவந்தார்கள். கூடவே மழையும் வந்தது. முன்னறையில் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரியில் யாரோ இரண்டு காலுக்கும் சாக்ஸைச் சரியாகப் போட்டுவிட்டிருந்தார்கள். அவள் அவன் தலைமாட்டில், திறந்த கதவுக்கு நேராக உட்கார்ந்தாள்.

நண்பகலில் கம்பெனி ஆட்கள் நீலச் சட்டையோடு வந்தார்கள். கடைசியாக வந்தவள் மொட்டைமாடி. அவனும் மற்றவர்களும் வைத்த பெயர். கட்டடத்தின் உச்சியில் நின்று, தொங்குகிறவர்களின் கயிற்றைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. என் உசிரு அவ கையில என்று அவன் அடிக்கடி சொல்வான். போன மாதம்கூட அவளுடைய கையுறைக்கு உள்துணி தைத்து இவள்தான் கொடுத்தனுப்பினாள்.

மொட்டைமாடி தார்ப்பாய்க்குக் கீழே வந்து முகத்தைத் துடைத்தாள். தண்ணீர் எங்கிருந்து சொட்டுகிறது என்று மேலே பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். பார்வை கம்பத்திலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டே ஜன்னல் கம்பிவரைக்கும் போனது. அங்கே சிவப்பு நூல் சுற்றிய நுனி சொட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய வலது கை தானாக எழுந்து இடது மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது.

தலைமாட்டில் இருந்தவள் அதைப் பார்த்தாள். அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை.

மொட்டைமாடி உள்ளே வந்து அவன் காலடியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏதாவது சாப்பிட்டீங்களாக்கா?"

"இல்ல."

நாத்தனார் நடுவில் புகுந்தாள். "மேல கயிறு பாத்துக்கிற பொண்ணு நீதானாம்மா? தம்பி சொல்லுவான். தொட்டுப் பாத்தே எங்க நைஞ்சிருக்குன்னு சொல்லிடுவியாமே?"

"ஆமாங்க."

"என்ன பிரயோஜனம். நெஞ்சுல நைஞ்சிருந்ததை யாரும் பாக்கலையே." மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாத்தனார் உள்ளே போனாள்.

மழைச் சத்தம் கூடியது. மொட்டைமாடி குனிந்தபடியே, உதடு அசையாமல் பேசினாள்.

"உங்களைப் பத்தி அவர் ஒரு வார்த்தை தப்பாப் பேசுனதில்லக்கா."

"என்ன பேசுனாரு?"

மொட்டைமாடி ஜன்னல் கம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்குச் சணல் ஆகாதுன்னு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சவரம் செய்து, வாயை மூடி, ஒன்றும் தெரியாதவன் போலப் படுத்திருந்தான். மடியில் இருந்த தன் மணிக்கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள்.

வெளியே தார்ப்பாய் தண்ணீர் கட்டி வயிறு போலத் தொங்கியது. கொழுந்தன் ஒரு கோலால் அதைத் தூக்கிவிட, ஒரு பக்கமாகக் கொட்டியது. கயிறு முறுக்கிக்கொண்டு முனகியது.

"நாலு மணிக்கு வண்டி வந்துரும்ல?" என்று கேட்டாள் மொட்டைமாடி.

"ம்."

"நனைஞ்சா இறுகிடும்க்கா. அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும்." கை இன்னமும் மணிக்கட்டை விடவில்லை. "அவங்ககிட்ட சொல்லி வேற ஏதாவது கட்டச் சொல்லிட்டு, அதை மட்டும் அவுத்து எனக்குக் குடுத்துடுறீங்களாக்கா?"