பறுவத்துப் பெருக்கு

சனிக்கிழமை காலை எழும்பியதும் பிரடெரிக் சப்பாத்தைத்தான் தேடினார். சப்பாத்து எங்கே கிடக்கிறது? அது சுனாமியில் வீட்டோடும் வேலியோடும் கடலுக்குப் போய் இருபது நாளாகிவிட்டது. பள்ளிக்கூட முகாமின் விறாந்தையில் குவித்திருந்த நிவாரண மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு சோடிச் செருப்பை இழுத்தெடுத்தார். இரண்டும் இடக்கால் செருப்பு. போகட்டும், காத்தான்குடிக்குப் போக இது போதும் என்று மாட்டிக்கொண்டார். வகுப்பறைக்குள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த மகள் பிறெண்டா நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க டடி, விடிஞ்சும் விடியாம?"

"முனாப்பைப் பாத்திட்டு வாறன் புள்ள."

"கல்லடிப் பாலத்தால எல்லோ போகணும்?"

"ஓம். போகத்தான் வேணும்."

அவளுக்குப் பெரிய ஆச்சரியம். பாலத்துக்கு அப்பால் காலடி வைக்கமாட்டேன் என்று மூன்று கிழமையாக அடம்பிடித்த மனுசன். தாய் மேர்டிலைத் தேடி ஆஸ்பத்திரிக்கும் சவக்காலைக்கும் அவர்கள் வீடிருந்த டச்பார் மணலுக்கும் அலைந்தவள் பிறெண்டாதான். மேர்டில் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் வெறுங்கையோடு திரும்பி வந்து தகப்பனிடம் ஒரே கேள்வியைக் கேட்பாள். "மம்மி ஏன் டடி ஓடல்ல?" பிரடெரிக்கும் ஒரே பதிலைச் சொல்வார். "ஓட நேரம் கிடைக்கல்ல புள்ள." அந்தப் பதில் பொய்.

பிரடெரிக்குக்குத் தொழில் தையல் மெஷின் திருத்துவது. ஆனால் டச்பாரில் அவரை எல்லாரும் அறிந்தது வானத்தால்தான். கிரகணம் எப்போது, வால்வெள்ளி எந்தத் திசையில், எந்த நாட்டு ரொக்கட் எங்கே போகிறது என்று பிபிசி கேட்டுக் கேட்டுக் கொப்பிகளில் எழுதி வைப்பார். பழைய பைனாகுலர் ஒன்று வைத்திருந்தார். சண்டைக் காலத்தில் அதோடு செக்பொயிண்டில் மாட்டி, வியாழனின் சந்திரன்களைப் பார்க்கத்தான் என்று இங்கிலீசில் விளங்கப்படுத்தப் போய், மூன்று நாள் உள்ளே இருந்த பெருமையும் அவருக்கு உண்டு. சொன்னால் சொன்னதுதான், அவர் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல்லைக் கறந்தவர் எவருமில்லை. சனிக்கிரகத்துக்கு ஏழு வருசமாக ஒரு விண்கலம் போய்க்கொண்டிருக்கிறது என்று தேத்தண்ணிக் கடையில் அவர் ஒருமுறை விரித்துச் சொன்னபோது, "நம்மள ஏழரைச் சனி பிடிக்கும். வெள்ளைக்காரன் ஏழு வருசமாச் சனியப் பிடிக்கப் போறானா? அவன் உருப்பட்ட மாதிரித்தான்" என்று கடையே சிரித்தது.

கிறிஸ்து பிறந்த நத்தார் அன்று காலை அந்தக் கலத்திலிருந்து ஒரு சின்னப் பெட்டி கழன்றது. சனியின் பெரிய சந்திரனான டைட்டனில் இறங்க வேண்டிய பெட்டி அது. இருபது நாள் தனியாக, ஒரு சத்தமும் போடாமல் போகும், பிறகு கண்விழித்துப் பேசும் என்று ரேடியோ சொன்னது. பெட்டிக்கு ஓர் ஒல்லாந்தரின் பெயர் வைத்திருந்தார்கள். ஒல்லாந்தப் பரம்பரைப் பறங்கியரான பிரடெரிக் விடுவாரா? "எங்கட ஆள்!" என்று வீடு வீடாகச் சொல்லி, போகிற வீட்டிலெல்லாம் வைனும் கேக்கும் வாங்கிச் சாப்பிட்டார். அன்று பின்னேரம் கேக் சாப்பிட வந்திருந்த முனாப், அது எங்கே விழும் என்று கேட்டான். காத்தான்குடியில் ரேடியோ, டீவி திருத்துகிற கடை வைத்திருப்பவன் அவன். டைட்டனில் கடல் இருக்கிறதா தரை இருக்கிறதா என்று விஞ்ஞானிகளுக்கே நிச்சயமில்லை. பிரடெரிக்குக்கு நிச்சயம். "கடல்லதான். மிதக்கக்கூடியதாத்தான் செஞ்சிருக்கானுகள்" என்றார். மேர்டில் கேக்கை வெட்டியபடி, "டடிக்கு நாசாக்காரன் ரெலிபோன் எடுத்துச் சொன்னவன்" என்று பிறெண்டாவுக்குக் கண்ணடித்தாள்.

அடுத்த நாள் ஞாயிறு, முழுநிலாப் பறுவம். பிறெண்டா பூசைக்குப் பாலம் கடந்து டவுனுக்குப் போயிருந்தாள். ஒன்பது மணியளவில் கடல் ஏறி வேலியடிக்கு வந்தது. சனம் கூக்குரல் போட்டது. மேர்டில் கைப்பையைத் தூக்கிக்கொண்டு படலை வரைக்கும் போய்விட்டாள். பிரடெரிக்தான் கூப்பிட்டார். "எங்க ஓடுறா? இண்டைக்குப் பறுவம். சந்திரன் இழுக்கிற இழுவைக்குத் தண்ணி ஏறும், பத்து நிமிசத்தில இறங்கும். இது பறுவத்துப் பெருக்கு." வானத்து விசயத்தில் அவர் சொன்னால் அவள் நம்புவாள். உண்மையிலேயே தண்ணீர் கொஞ்சம் இறங்கவும் செய்தது. அவள் உள்ளே போனாள். அதற்குப் பிறகு வந்தது வேறு. பிரடெரிக்கை அது வாவிப் பக்கம் கொண்டுபோய்க் கண்டல் பற்றைக்குள் செருகிவிட்டது.

இதை மகளிடம் எப்படிச் சொல்வது? முகாமுக்கு வந்த மூன்றாம் நாள் அந்தோனியாரிடம் ஒரு நேர்த்தி வைத்தார். அந்தப் பெட்டி வாய் திறந்தால் நானும் வாய் திறப்பேன். வெளிப்பார்வைக்குப் பக்தி, உள்ளுக்குள்ளே கள்ளம். முந்தின வருசம் இதே நத்தாருக்குச் செவ்வாய்க்குப் போன பெட்டியொன்று மூச்சே காட்டவில்லை என்பது அவருக்குத் தெரியும். இதுவும் ஊமையாகிவிட்டால் தப்பலாம் என்று மனத்தின் ஒரு மூலை கணக்குப் போட்டது. அந்த மூலையை நினைக்க அவருக்கே அருவருப்பாக இருந்தது. நேற்று, தைப்பொங்கலன்று, பெட்டி இறங்க வேண்டிய நாள். முகாமில் இருந்த ஒரே ரேடியோவில் காணாமற்போனவர்களின் பெயர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பிறெண்டா காதைக் கொடுத்தபடி இருந்தாள். அதைத் திருப்பி டைட்டன் செய்தி கேட்க அவருக்கு மனம் எப்படி வரும்? விடிந்ததும் போய்க் கேட்டுவிடுவது, பேசியிருந்தால் நேர்த்திப்படி மகளிடம் சொல்லிவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தார்.

பாலத்தில் வாவியைப் பார்த்து நடந்தார். அதைத் தாண்டிய பிறகு தெற்கே போகிற வீதியில் இடப்பக்கம் கடல். முகத்தை வலப்பக்கமே வைத்துக்கொண்டார். காத்தான்குடியும் கடற்கரைப் பக்கம் சிதைந்து கிடந்தது. பெரிய வீதியில் மட்டும் கடைகள் திறந்திருந்தன. முனாப் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடித்தான்.

"மேர்டில் அக்காட செய்தி கேள்விப்பட்டன் அண்ணே. எந்த முகாமெண்டு தெரியாம எங்கெல்லாம் தேடின நான்!"

பிரடெரிக் அவன் முதுகைத் தட்டினார். ஆனாலும் வந்த காரியம் வந்த காரியம்.

"முனாப், அது என்னாச்சு? பேசிச்சா?"

முனாப்புக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் கதிரையை இழுத்துப் போட்டு, டிஷ்ஷில் ஓடிக்கொண்டிருந்த டீவியை அவர் பக்கம் திருப்பினான். "பேசிச்சண்ணே! இறங்கி மறுகாவும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல பேசிச்சாம். படமும் அனுப்பி இரிக்கி. பாருங்க, காலையிலருந்து இதத்தான் காட்டுறானுகள்."

திரையில் செம்மஞ்சள் வெளி. அதில் உருண்டை உருண்டையாகக் கற்கள். மங்கலாக, ஆனால் ஐயமில்லாமல், தரை.

"கடல் இல்லையா?"

"கடல் எண்டது நீங்க. அது தரை. ஈரமணல் மாதிரியாம்."

பிரடெரிக் கற்களைப் பார்த்தபடியே இருந்தார். பெட்டி பிழைத்ததில் வந்த சந்தோசத்தை அவரால் மறைக்க முடியவில்லை. கூடவே பயமும் வந்தது. இனி ஒளிய இடமில்லை.

"அப்ப, நான் சொன்னது பிழை" என்றார்.

"வல்லாஹி, இந்தச் சொல்ல உங்கட வாயால இண்டைக்குத்தான் கேக்கன்!" என்று சிரித்த முனாப், அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "தேத்தண்ணி குடிங்கண்ணே."

"வேணாம். உன்ட மோட்டர்சைக்கிள்ள என்னக் கொண்டு விடு. நடந்து போனா மனம் மாறிப்போகும்."

முகாம் குழாயடியில் பிறெண்டா நிவாரணப் போர்வையொன்றைக் கழுவிவிட்டுத் தனியாகப் பிழிய மாட்டாமல் நின்றாள். பிரடெரிக் நேரே போய் மற்றத் தலைப்பைப் பிடித்தார். அவள் ஒரு பக்கமும் அவர் மறுபக்கமுமாக முறுக்கத் தொடங்கினார்கள்.

"மம்மிக்கு ஓட நேரம் கிடைச்சது புள்ள" என்றார். "படலை வரைக்கும் போயிட்டா. நான்தான் கூப்பிட்டு நிப்பாட்டினன். பறுவத்துப் பெருக்கு, இறங்கிரும் எண்டு சொன்னன். நான் சொன்னது பிழை."

குழாயடியில் வரிசையில் நின்ற பெண்கள் வாளிகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். பிறெண்டா முறுக்குவதை நிறுத்தினாள். அவள் போர்வையைப் போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தார்.

"மறுகா என்ன?" என்றாள்.

"சரி எண்டு உள்ள போனா."

அவள் அவரைப் பார்க்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு போர்வையை முறுக்கினாள். பலமாக, இன்னும் பலமாக முறுக்கினாள். அவருடைய மணிக்கட்டு நொந்தது. அவர் விடவில்லை. தண்ணீர் கொட்டி, பிறகு சொட்டி, பிறகு நின்றும்போனது. கயிறாகிவிட்ட அந்தப் போர்வையின் இரண்டு தலைப்பிலும் இரண்டு பேரும் இன்னும் முறுக்கிக்கொண்டே நின்றார்கள்.