திங்கட்கிழமைகளில் சாகாத செல்கள்

கீச், கீச், கீச். எட்டே கால் மணிக்குக் கைப்பையைக்கூட இறக்க விடாமல் இன்குபேட்டர் அலறியது. எமராணி ஓடினாள்.

அந்தப் பட்டப்பெயர் ஆய்வகத்தார் வைத்தது. நாள் முழுக்க செல்களைக் கொன்று பார்ப்பதுதான் அவள் வேலை. வீட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டால் எமராணி நாற்காலி மேல் ஏறிவிடுவாள் என்பது அவள் கணவனுக்கு மட்டும் தெரியும்.

டெக்னீஷியன் அவளுக்கு முன்பே வந்து அலாரத்தை அடக்கிக்கொண்டிருந்தார். செல்கள் வளரும் அந்த வெதுவெதுப்பான பெட்டிக்குச் சிலிண்டரிலிருந்து கேஸ் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சிலிண்டர் மீட்டரின் முள் அடியில் கிடந்தது.

"இப்பத்தான் தீர்ந்திருக்கு மேடம். சனிக்கிழமை மாட்டின புது சிலிண்டர். பத்து நாள் வரணும்."

"ஓட்டையா அண்ணே?"

"கதவு சரியா மூடல. கீழ் மூலையில முட்டியால ஒரு இடி இடிச்சாத்தானே இது மூடும்? கேஸ் பூரா காத்தோட போயிருக்கு."

"நான் இடிச்சுட்டுத்தான் போனேன்."

"நான் ஞாயித்துக்கிழமை இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கிறதில்ல."

கதவைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை. தன் செல்கள் இருந்த பிளேட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள். பார்த்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

செல்கள் உயிரோடு இருந்தன. ஒன்றோடொன்று தோள் உரச, கல்யாண வீட்டுப் பந்தி போல வரிசையாக, கொழுகொழுவென்று இருந்தன.

சனிக்கிழமை மாலையே செத்துப்போகச் சொல்லி மருந்து கொடுத்திருந்தாள். ஒன்றுகூடக் கேட்கவில்லை.

மூன்று வருடமாக அவள் கட்டிக்கொண்டு அழுவது ரிப் என்ற ஒரு புரதத்தை. உடம்பில் எங்காவது ஆபத்து என்றால் டி.என்.எஃப் என்ற செய்தி செல்லின் வாசலுக்கு வரும். வாசலில் அதை வாங்கிக்கொள்பவர்களில் ரிப்பும் ஒன்று. ரிப்பின் மேல் ஒரு சங்கிலி மாட்டியிருக்கும்வரை நல்ல பிள்ளை. 'நீ பிழைத்துக்கொள், அழற்சி மணியை அடி, ஊரைக் கூட்டு' என்று செல்லுக்குச் சொல்லும். சங்கிலியைக் கழற்றினால் அதே ரிப் திரும்பி நின்று அந்தச் செல்லையே தீர்த்துக்கட்டும்.

"எங்க மாமனார் மாதிரி," என்பார் டெக்னீஷியன். "வேளைக்குக் காபி வந்தா குடும்பத்தைத் தாங்குவார். வரலேன்னா குடும்பத்தையே கொளுத்துவார். ஆள் ஒண்ணுதான்."

சங்கிலியைக் கழற்றும் மருந்தையும் டி.என்.எஃப்பையும் சேர்த்துக் கொடுப்பதுதான் அவள் சோதனை. வேண்டுமென்றே குறைந்த அளவு. செல்கள் நிதானமாக, முப்பத்தாறு மணி நேரத்தில் சாக வேண்டும். செவ்வாய் மாலை கொடுத்தால் வியாழன் காலை சொல்லி வைத்தாற்போலச் செத்துக் கிடக்கும். சனிக்கிழமை கொடுத்தால் திங்கட்கிழமை சிரித்துக்கொண்டிருக்கும். இதோடு ஐந்து வாரம்.

"செல்லுக்குக் கிழமை தெரியுமா அண்ணே? ஞாயித்துக்கிழமை எமனுக்கு லீவா?"

"அதைக் கேட்டாத்தான் புரொபசர் உங்க கையைக் குறை சொல்றாரே."

குறை சொல்வதோடு நின்றால் பரவாயில்லை. இன்று பதினொரு மணிக்கு ஆய்வுக் குழு கூடுகிறது. இந்த வாரமும் முடிவு மாறி வந்தால், 'ரிப் காப்பாற்றும், ரிப்பே கொல்லும்' என்ற அவள் ஆய்வில் இரண்டாவது பாதியை அடித்துவிடப் போவதாக அவள் ஆய்வுக்கு வழிகாட்டியான அவர் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டார். அடித்தால் இன்னும் இரண்டு வருடம் இதே நாற்காலி, இதே கீச்சொலி. அடுத்த மாதம் பட்டம் வாங்கிவிடுவாள் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது.

டெக்னீஷியன் பிளேட்டை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"மேடம், ரெண்டு நாள் ஆன மீடியம் என்ன நிறத்துல இருக்கணும்?"

மீடியம் என்பது செல்கள் ஊறிக் கிடக்கும் தீனித் தண்ணீர். புதிதில் சிவப்பு. செல்கள் தின்று கழித்ததும் மஞ்சளாகிவிடும்.

"மஞ்சளா."

"இது ரோஜாப்பூ மாதிரி இருக்கே."

ஐந்து வாரமாக அவள் லென்ஸுக்குள் செல்லைத்தான் பார்த்தாள். தண்ணீரின் நிறத்தைப் பார்க்கவில்லை.

"யாரோ பழசைக் கொட்டிட்டுப் புதுசு ஊத்தியிருக்காங்க."

"பழசோட உங்க மருந்தும் சாக்கடைக்குப் போயிருக்கும். அப்புறம் எதைக் குடிச்சுச் சாகும்?"

"யார் அண்ணே அது? மூடியில சிவப்பு மையில கொட்டை எழுத்துல 'மருந்து உள்ளது, தொடாதே'ன்னு எழுதியிருக்கேன். படிக்கத் தெரியாதவனா இங்க வேலை பார்க்கிறான்?"

கதவு திறந்தது. புரொபசர் வந்தார். வழக்கம்போலக் கண்களைச் சுருக்கிக்கொண்டு, சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, அங்கேயும் கண்ணாடி இல்லை என்று தெரிந்து சலித்துக்கொண்டார்.

"என்னம்மா, செத்துதா?"

"இல்ல சார். ஆனா காரணம் கிடைச்சிடுச்சு. யாரோ ஞாயித்துக்கிழமை…"

"காரணம் எனக்கும் தெரியும். உனக்கு அக்கறை போதாது." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "திட்டுறேன்னு நினைக்காத. குழுவுல பாதியை அடிக்கிறதுக்கு முன்னாடி உங்கிட்ட நேராச் சொல்லிடணும்னுதான் வந்தேன். செல் வளர்க்கிறது பிள்ளை வளர்க்கிற மாதிரி. சனிக்கிழமை வச்சுட்டுத் திங்கட்கிழமை வந்து பார்த்தா எப்படி? நடுவுல ஒருநாள் எட்டிப் பார்க்க வேண்டாமா?"

"நீங்க எட்டிப் பார்த்தீங்களா சார்?" என்றாள் எமராணி, மெதுவாக.

டெக்னீஷியன் சிலிண்டரைப் பார்த்தார். பிறகு இன்குபேட்டர் கதவின் கீழ் மூலையைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"பார்க்காம? ஞாயித்துக்கிழமை ஆனா மச்சினன் வந்து வீட்ல உக்காந்துடுறான், நான் இங்க வந்துடுறேன். வாராவாரம் உன் பிளேட்டெல்லாம் மஞ்சளா வாடிக் கிடக்கும், பாவமா இருக்கும், நான்தான் புது மீடியம் ஊத்தி வைக்கிறேன். அது சரி, மூடி மேல சிவப்பா என்னமோ எழுதி வைக்கிறியே, கண்ணாடி இல்லாம தெரியறதில்ல, அது என்னம்மா?"