கேசட்டுக்குள் வாய்நாற்றம்

சலவைக்கடைக்காரர் தன் பழைய வீடியோ கேம் கேசட்டை முப்பது வருஷம் கழித்து விளையாட்டுப் பெட்டியில் செருகியபோது அதிலிருந்து வாய்நாற்றம் வந்தது. படமும் வந்தது, ஆனால் நாற்றம் முந்திக்கொண்டது. சொத்தைப்பல், திரிந்த பால், சளிமருந்து மூன்றும் ஊறிப் புளித்த நாற்றம். கடைக்காரர் மூக்கால் பிழைப்பவர். காலரை ஒருமுறை முகர்ந்தால் வேர்வையா, தலையெண்ணெயா, வாந்தியா என்று பிரித்துச் சொல்லிவிடுவார். ஊரார் அழுக்கை முகர்ந்து முகர்ந்து அவருக்கு மனித ஜாதி மேலேயே ஓர் அருவருப்பு வந்திருந்தது. உலகத்தில் சுத்தமான சங்கதி என்று அவர் ஒப்புக்கொண்டது தன் சின்ன வயசை மட்டும்தான். அதிலும் குறிப்பாக, கூரைக்குக் கூரை தாவி முட்டை பொறுக்கும் அந்தக் கோழி விளையாட்டை. மகள் கையிலிருந்து போனைப் பிடுங்கும்போதெல்லாம், "அந்தக் காலத்துல நானும் உன் அத்தையும் ஒண்ணா உக்காந்து விளையாடுவோம் பாரு, அது மாதிரி வருமா?" என்பார். மகள் கண்ணை உருட்டுவாள்.

கேசட் அப்போதே சண்டித்தனம் பண்ணும். திரை வெள்ளையாக நின்றுவிட்டால் அதைக் கழற்றி, அடியிலுள்ள பிளவில் ஊதி, மறுபடி செருக வேண்டும். ஊதுகிற வேலை தங்கையுடையது. வீட்டில் அவளுக்கு 'ஊதல்' என்றே பெயர். அவள் ஊதிய மூச்செல்லாம் உள்ளேயே தங்கி, இப்போது பெட்டியில் செருகியதும் வெளியே வந்திருந்தது. பெட்டியைப் பார்க்க வந்த ரிப்பேர்க்காரர் இதில் ஆச்சரியப்படவில்லை. ஸ்பிரிட்டால் இரண்டு தரம் துடைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள ஆள் மூச்சு நிக்குது சார். ஊதினவங்களத்தான் கேக்கணும்" என்று மூக்கைப் பொத்தியபடியே சொல்லிப் போனார்.

நாற்றம் மாடி வீட்டிலிருந்து படியிறங்கிக் கீழே கடைக்கு வந்து, தேய்த்து மாட்டிய சட்டைகளின் அக்குளில் குடியேறியது. கடைக்காரர் கேசட்டைக் குப்பையில் வீசினார். கேசட் போயிற்று, நாற்றம் போகவில்லை. மறுபடி பொறுக்கி வந்தார். ஒரு வக்கீல் கோர்ட்டிலிருந்து நேரே வந்து, நீதிபதி தன்னைப் பல் தேய்த்துவிட்டு வரச் சொன்னதாகக் கூறி, கருப்புக் கோட்டை மேஜைமேல் எறிந்தார். அந்த வாரமே தெரு முழுக்க எதிர்க்கடைக்கு மாறியது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான் என்ற நிலையில் அவர் தங்கைக்குப் போன் பண்ணினார்.

பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த தங்கை வாசலிலேயே நின்று ஒருமுறை முகர்ந்தாள். "என் கடைவாய்ப்பல்லு," என்றாள். "ஒரு வருஷமா அழுகிக்கிட்டு கெடந்துச்சே, அது. வலிக்குதுண்ணான்னு சொன்னா, 'முதல்ல ஊது, அப்புறம் அழு'ம்ப."

"அதெல்லாம் இருக்கட்டும். ஒண்ணா எவ்வளவு விளையாடியிருக்கோம்!"

"நான் எங்கண்ணா விளையாடினேன்? ஊதினேன். அடுத்த ஆட்டம் உனக்குன்னு சொல்லுவ. கோழி செத்ததும், 'இது கணக்குல வராது'ன்னு நீயே ஆரம்பிச்சுருவ."

கடைக்காரர் கேசட்டை அவள் முன் நீட்டி, ஊதியவளே திரும்ப உறிஞ்சிக்கொண்டால் தீர்ந்துவிடாதா, கடை பிழைக்குமே என்று கேட்டார். சீழ் வடியும் ஈறுகளை நாள் முழுக்கப் பார்த்தும் முகம் சுளிக்காதவள், அண்ணனைப் பார்த்து முகம் சுளித்தாள். "விளையாடினது நீ. நீயே இழு."

வேறு வழியில்லாமல் அவர் பிளவில் வாயை வைத்து இழுத்தார். வெதுவெதுவென்று, கொழகொழவென்று இறங்கியது. சீழின் உப்பு, மூக்குச்சளியின் வழவழப்பு, இடையிடையே விழுங்கிய அழுகை. துப்ப வாயெடுத்தபோது தங்கை, "முழுங்கு" என்றாள். முழுங்கினார். சின்ன வயசு விடுமுறை ஒவ்வொன்றின் மூச்சையும் அவர் இழுத்து முடித்தபோது, கீழே சட்டைகளில் சோப்பு வாசனை மட்டும் இருந்தது.

வாடிக்கையாளர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். நாற்றம் இப்போது கடைக்காரர் வாயில் இருக்கிறது. எந்தப் பற்பசைக்கும் மசியவில்லை. அவரோடு பேசுகிறவர்கள் இரண்டடி தள்ளி நிற்கிறார்கள். மனைவி கால்மாட்டில் தலைவைத்துப் படுக்கிறாள். 'அந்தக் காலத்துல' என்று அவர் ஆரம்பித்தால் மகள் ஜன்னலைத் திறக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வந்து விளையாடுகிறாள். படுமோசமாக விளையாடுகிறாள், கோழி முதல் கூரையிலேயே விழுந்து சாகிறது. அடுத்த ஆட்டமும் அவளுடையதே. திரை வெள்ளையாக நின்றுவிட்டால் கேசட்டைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமல் பின்பக்கம் நீட்டுகிறாள்.

"ஊதுண்ணா."

அவர் ஊதுகிறார். படம் வந்துவிடுகிறது.