கீழே வராத மேனேஜர்

எங்கள் ஊர் அணியான ஷியோமி நீர்க்காகங்கள் முதன்முதலாகக் கோப்பை வென்ற அன்று வீரர்கள், தங்களை ஆடவைக்கும் மேனேஜர் கவாகிட்டாவை மேலே தூக்கிப் போட்டார்கள். அவர் கீழே வரவில்லை. வென்ற அணி தன் மேனேஜரைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது எங்கள் பேஸ்பாலில் எல்லோரும் செய்வதுதான். மற்ற மேனேஜர்கள் ஒழுங்காகக் கீழே வந்திருக்கிறார்கள். இவர் விளக்குக் கம்பத்தின் உயரத்தில் மல்லாந்தபடி நின்றுவிட்டார். பிடிக்க நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன. பீர் விற்கும் பெண், குவளை வழிவது தெரியாமல் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

தரையை விட்டு எழாத மனிதர் அவர். எறியும் பந்தைக் குந்தியிருந்து பிடிக்கும் கேட்சராக இருந்த காலமெல்லாம் குந்தியே கழித்தார். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. அவருக்குப் பந்தெறிந்தவர் நிஷிவாகி. கவாகிட்டா தொடைகளுக்கு நடுவே ஒரு விரல் காட்டினால் நேர்ப்பந்து, இரண்டு காட்டினால் வளைபந்து. நிஷிவாகி ஒருநாளும் மறுத்ததில்லை. கேட்சரைப் பந்தெறிபவரின் பெண்டாட்டி என்பார்கள் இங்கே. "உன் பெண்டாட்டி உன்னை நல்லா அடக்கி வெச்சிருக்காடா" என்று மற்றவர்கள் கிண்டலடிப்பார்கள். பிறகு கவாகிட்டா மேனேஜரானார், நிஷிவாகிக்குத் தோள் போய்விட்டது. அவரை அணியிலிருந்து எடுத்தது தப்பில்லை. நேரில் சொல்லாமல் அலுவலக ஆளை விட்டுச் சொல்ல வைத்தாரே, அதுதான் தப்பு. நிஷிவாகி துறைமுகத்தில் நூடுல்ஸ் கடை போட்டார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

தீயணைப்பு வண்டியின் ஏணி எவ்வளவு நீண்டதோ, மேனேஜரும் அவ்வளவு உயர்ந்தார். மனைவி ஃபுசாயே பட்டத்தில் கட்டிச் சோற்றுருண்டை அனுப்பினார்.

"ஏங்க, போதும், இறங்கி வாங்க!"

"எப்படின்னு தெரியலையே ஃபுசாயே!"

குளிர்காற்று தொடங்கினால் அவரைக் கடலுக்கு அடித்துக்கொண்டு போய்விடும் என்று வானிலைக்காரர்கள் சொன்னார்கள். அன்றே ஃபுசாயே நூடுல்ஸ் கடைக்குப் போய், கணவரின் பழைய கையுறையை நிஷிவாகியின் முன்னால் வைத்தார்.

"ஊருல வேற ஆளே இல்லையாம்மா?"

"ஆயுசு முழுக்கப் பிடிச்சுக்கிட்டே இருந்தவருங்க. அவரைப் பிடிக்க யாரு இருக்கா?"

மறுநாள் காற்று கிளம்பிவிட்டது. மேனேஜர் கடல் பக்கமாக நகர்வதைக் கண்டு ஊரே அலறியது. நிஷிவாகி மாவு படிந்த கையில் அந்தக் கையுறையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவந்து, கேட்சர் குந்தும் இடத்தில் வாழ்நாளில் முதன்முறையாகக் குந்தினார்.

"டேய், நேர்ல சொல்ல என்னடா பயம் உனக்கு?"

மல்லாந்து கிடந்த மேனேஜர் மேலேயே புரண்டு கீழே பார்த்தார்.

"உன் மூஞ்சியப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரலடா. தப்புதான்."

நிஷிவாகி தொடைகளுக்கு நடுவே ஒரு விரல் காட்டினார். ஆயுசு முழுக்க விரல் காட்டிய மனிதர் மேலே இருந்து தலையாட்டினார். பிறகு நேர்ப்பந்தாக வந்தார். அவ்வளவு பெரிய ஆள் கையுறைக்குள் எப்படி அடங்கினார் என்று யாரும் கேட்கவில்லை. அடங்கினார். அந்தச் சத்தம் துறைமுகம் வரை கேட்டது. பக்கத்தில் நின்ற நடுவர் பழக்கதோஷத்தில், சரியாக வந்த பந்துக்குக் கத்துவதுபோல் "ஸ்ட்ரைக்!" என்று கத்திவிட்டார்.

"கை வலிக்குதாடா?" என்றார் கவாகிட்டா.

"உசிரு போகுதுடா."

"உன் பந்தும் அப்படித்தான்டா வரும்."

இப்போதெல்லாம் நீர்க்காகங்கள் கோப்பை வென்றால் உடனே தூக்கிப் போடுவதில்லை. நிஷிவாகி கடையைச் சாத்திவிட்டு வந்து குந்தும்வரை எல்லோரும் காத்திருக்கிறோம்.