தவிடு

மலாயாவில், மேரு பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைதான் அரிசி அளப்பார்கள். பவுனம்மாள் இரண்டு பைகளோடு வரிசையில் நின்றாள். முழுக் கூலிக்குப் பேர் போடும் ஆண்களுக்குச் சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளை அரிசி. அரைக் கூலிக்குப் பேர் போடும் பெண்களுக்குப் புழுங்கல் நொய், அதுவும் கல்லும் உமியுமாக.

வீட்டில் இரண்டு பானை வைத்தாள். புருஷன் வேலாயுதத்துக்கு மட்டும் பூப்போல வெள்ளைச் சோறு. தனக்கும் மகள் ரமணிக்கும் நொய்க்கஞ்சி, அது போதாத நாளில் மரவள்ளிக்கிழங்கு. ரமணி வெள்ளைச் சோற்றுக்குக் கை நீட்டினால் அகப்பைக் காம்பால் ஒன்று போடுவாள்.

"முந்நூறு மரம் சீவுற மனுசன் திங்கட்டும்டி!"

நான்கு மாதத்தில் அந்த மனுசனுக்குத்தான் கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. பிறகு பாதம் மரத்துப்போய், முள் குத்தினாலும் தெரியவில்லை. ஒருநாள் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போதே விழுந்துவிட்டான்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் இக்னேஷியஸ் வந்து பார்த்தார்.

"இவனுக்கு என்னம்மா சோறு போடுற?"

"அவருக்கு ஒரு கொறையும் வைக்கலீங்கய்யா. நல்ல வெள்ளச் சோறு. நொய்யி எனக்கும் புள்ளைக்குந்தான்."

அவர் தாயின் காலையும் மகளின் காலையும் பார்த்தார். இரண்டும் வீக்கமில்லாமல் கல்லாட்டம் இருந்தன.

"தீட்டுன அரிசியாலதாம்மா இந்தச் சீக்கு. சத்தெல்லாம் தவிட்டோட போயிருது. நீ தின்னத அவனுக்குப் போட்டிருந்தா நடந்திட்டிருப்பான். இப்பவாச்சும் மாத்து. நெஞ்சுக்கு ஏறிட்டா ஆள் தங்க மாட்டான்."

பவுனம்மாளுக்குப் பார்த்துப் பார்த்துப் போட்ட கையை வெட்டி எறியலாம் போலிருந்தது. தன் பங்கு நொய்யை அவனுக்கு வடித்தாள். மூன்றே நாளில் பானை காலி.

அடுத்த ஞாயிறு, அரிசி அளக்கும் கணக்குக் கிராணியிடம் கெஞ்சினாள்.

"சாமி, ரெண்டு பையிலயும் நொய்யே போடுங்க."

"வேலாயுதம் பேரத்தான் வெட்டியாச்சே! வேல செய்யாதவனுக்கு ஏது அரிசி? ஒன் பங்க மட்டும் வாங்கிக்க."

மூலையில் வாய் அவிழ்ந்த ஒரு மூட்டை சாய்ந்திருந்தது.

"அந்தத் தவிட்டுலயாச்சும் ஒரு படி குடுங்க சாமி. அவருக்கு மருந்து."

"தொர குதிரைக்கு வந்தது அது. கை வைக்காத."

வெளியே, குதிரைக் கொட்டகை முன்னால் குதிரைக்காரன் வாளியில் தவிட்டைக் கரைத்து வைத்திருந்தான். குதிரை பாதி தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவன் வாளியைத் தூக்கிப்போய் வாய்க்காலில் கவிழ்த்தான். பவுனம்மாள் பையைப் போட்டுவிட்டு ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் தெளிந்துவிட்டது.