ஒரு சங்கு கஞ்சித்தண்ணி

நாற்பத்தைந்தாம் வருஷத்து மழையில் பம்பாய்த் தாராவிப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. சாக்கடை பெருகிக் குழாயடியை மூடிக் கிடந்தது. பிடித்து வைத்த தண்ணீரிலும் வாடை அடித்தது. பிச்சம்மாளின் ஒன்றரை வயது மகள் ஆவுடைக்கு வியாழக்கிழமை விடியலில் ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் பத்துப் பன்னிரண்டு தடவை போய்விட்டது. கண் குழி விழுந்துவிட்டது. அழுதாலும் கண்ணீர் வரவில்லை.

புருஷன் பெரியநாயகம் தோல் கிடங்கு வேலைக்குப் புறப்படும்போதே சொல்லியிருந்தான்: "ஒரு சொட்டுத் தண்ணி குடுத்திராத. உள்ள போறது அப்படியே வெளிய வரும். வயித்தக் காயப் போடணும்."

இரண்டு வருஷத்துக்கு முன் மூத்தவன் சுடலைக்கு வந்தபோதும் அதைத்தான் செய்தார்கள். மூன்று வயதுப் பையன். வாய்விட்டுத் தண்ணீர் கேட்டான். அவன் கண்ணில் படக் கூடாதென்று பிச்சம்மாள் பானையைத் தூக்கி வெளியே வைத்தாள். இரண்டாம் நாள் அவன் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் போய்விட்டான். வந்த நோய் அப்படி என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் அதையே நம்பினாள்.

பக்கத்து அறைக்கு அந்தக் கோடையில்தான் நூர் நிஷா குடிவந்திருந்தாள். மேலப்பாளையத்துக்காரி, நாலு பிள்ளை பெற்றவள். பிள்ளையின் முனகலைக் கேட்டு உள்ளே வந்தாள்.

"ஏளா, வாயெல்லாம் உலந்து கெடக்கு. என்ன குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கலக்கா. காயப் போட்டிருக்கு."

"வெளிய போனது பூராத் தண்ணிதானளா? உள்ள ஊத்தாம இருந்தா உசுரு எப்படி நிக்கும்?"

"அவுக வந்தா ஏசுவாகக்கா."

"வரட்டும். நான் பேசிக்கிடுதேன்."

பிச்சம்மாள் வீட்டில் ரேஷன் அரிசி தீர்ந்து சோளம்தான் இருந்தது. நூர் நிஷா தன் வீட்டிலிருந்து ஒரு கை அரிசி கொண்டுவந்தாள். குழையக் கொதிக்கவிட்டு, தண்ணீராக இறுத்து, உப்புக்கல் ஒன்று போட்டு ஆற்றி, பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்கில் ஊற்றினாள். முதல் சங்கைப் பிள்ளை அப்படியே கக்கியது. பிச்சம்மாள் பதறிக் கையை இழுத்துக்கொண்டாள்.

"கக்கட்டும். கொஞ்சம் பொறுத்துக் குடு. சொட்டுச் சொட்டா விடு."

விட்டார்கள். ஒருத்தி மடியில் வைத்திருக்க, மற்றவள் புகட்டினாள். நாலு மணிக்கு ஆலைச் சங்கு ஊதும் நேரத்தில் பிள்ளை தானாகவே உதட்டைச் சப்பியது. பிறகு நூர் நிஷாவின் சேலை நனைந்தது.

"ஏளா, ஒண்ணுக்குப் போயிட்டா! இனி பயமில்ல!" என்றாள் அவள், நனைந்த சேலையோடு.

பெரியநாயகம் வந்து பார்த்துக் குரலை உயர்த்தினான். பிள்ளை அவனைப் பார்த்துக் கையை நீட்டியது. அவன் குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டான்.

போக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவர்களும் கஞ்சித்தண்ணியை நிறுத்தவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது.

மறு வாரம் குழாயடியில் பிச்சம்மாள் கேட்டாள்: "அப்ப சுடலையை நான்தான் கொன்னேனாக்கா?"

"ஒனக்குத் தெரியாதுல்லா."

"தெரியாதுதான். ஆனா அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. தண்ணிதான் கேட்டான்."

நூர் நிஷா வரிசையிலிருந்து குடத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை புருஷன் சாப்பிட உட்கார்ந்தபோது பிச்சம்மாள் குழாயடியில் கேட்டதையே அவனிடமும் சொன்னாள். அவன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"நான்தான குடுக்காதன்னு சொன்னேன்," என்றான்.

"சொன்னது நீங்க. பானையைத் தூக்கினது நான்."

கையைக் கழுவிவிட்டு எழுந்தான். அவளும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். சுடலையைப் புதைத்த மாஹிம் பக்கத்து இடுகாட்டில் புல் முழங்காலுக்கு வளர்ந்திருந்தது. "இங்கனதான்," என்று அவன் ஓரிடத்தைக் காட்டினான். அவளுக்கு வேப்பங்கன்றின் அந்தப் பக்கம் என்றே நினைவு. மழை தூறத் தொடங்கியது. பிள்ளை பசித்து அழும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.